காற்றுக்கு என்ன வாடகை?

'காற்றுள்ள போதே தூற்றிக்கொள்' என்று இதுவரை எனக்கு உபதேசம் செய்தவர்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். செங்கல்பட்டு தாண்டி மனை விற்கிறவர். இரண்டு மியூச்சுவல் ஃபண்ட் ஆசாமிகள். ஒரு கல்யாணத் தரகர். இவர்களில் ஒருவர்கூட வாழ்க்கையில் ஒரு படி நெல் தூற்றியவர் இல்லை என்று அடித்துச் சொல்வேன். இவர்கள் அகராதியில் அந்தப் பழமொழிக்கு ஒரே அர்த்தம்தான்: சீக்கிரம் கையெழுத்துப் போடு.

களத்தில் அர்த்தம் வேறு. தூற்றுவதைப் பழைய சினிமாவில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். அடித்துக் குவித்த நெல்லில் மணி மட்டும் இருக்காது. பதர் இருக்கும், கருக்காய் இருக்கும், வைக்கோல் துண்டு, தூசி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பீடித்துண்டும் இருக்கும். இதை முறத்தில் அள்ளித் தலைக்கு மேல் தூக்கி, காற்றுக்குக் குறுக்கே மெல்லச் சரிக்க வேண்டும். கனமான மணி காலடியில் விழும். பதர் நாலடி தள்ளி விழும். தூசி அடுத்த களத்துக்காரர் கண்ணில் விழும். பைசா செலவில்லை. ஒரே ஒரு குறை, காற்று வர வேண்டும். வராவிட்டால் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, வேப்ப மரத்தில் ஏதாவது ஒரு இலையாவது அசைகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பழமொழி பிறந்தது அப்படி உட்கார்ந்திருந்தவன் வாயில்.

அந்தக் காத்திருப்பு முதலில் சீனர்களுக்குத்தான் போரடித்திருக்கிறது. ஒரு பெட்டி, உள்ளே சுழலும் இறக்கை, வெளியே கைப்பிடி. சுற்றினால் காற்று. மேலிருந்து தானியம் கொட்டினால் மணி ஒரு பக்கம், பதர் ஒரு பக்கம். சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தைய ஹான் வம்சத்துக் கல்லறைகளில் இந்தப் பெட்டியின் களிமண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. செத்த பிறகும் தூற்ற வேண்டி வரலாம் என்ற முன்ஜாக்கிரதை.

ஐரோப்பாவில் இந்தப் பெட்டி பரவியது ரொம்ப லேட்டாக. அதுவரை அவர்கள் களஞ்சியத்துக்கு எதிரெதிரே இரண்டு பெரிய கதவு வைத்து, இரண்டையும் திறந்து போட்டுவிட்டுக் காற்றுக்குக் காத்திருந்தார்கள். நம் வேப்ப மரத்தடிதான், கூரையோடு. 1710-ல் ஜேம்ஸ் மெய்க்கிள் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மில் வேலை கற்றுக்கொள்ள ஹாலந்துக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வரும்போது காற்றுப் பெட்டியின் நுட்பத்தையும் தெரிந்துகொண்டு வந்தார்.

அங்கேதான் வந்தது வினை. காற்று என்பது ஆண்டவன் அனுப்புவது. அவன் அனுப்பும்வரை பொறுக்காமல் கைப்பிடி சுற்றி வரவழைத்தால் அது யார் காற்று? சைத்தான் காற்று என்று பக்திமான்கள் முடிவு கட்டிவிட்டார்கள். வால்டர் ஸ்காட் 1816-ல் எழுதிய 'ஓல்ட் மார்ட்டாலிட்டி' நாவலில் மாஸ் என்று ஒரு பிடிவாதக் கிழவி வருகிறாள். காற்று வேண்டுமானால் பிரார்த்தனை செய்துவிட்டுக் காத்திரு என்பது அவள் கட்சி. மகன் அந்த மெஷினைத் தொடக்கூடாது என்று மல்லுக்கு நிற்கிறாள்.

படித்தபோது சிரித்தேன். பிறகு யோசித்தால் கிழவி சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. இயற்கைக் காற்றுக்கு ரெகுலேட்டர் கிடையாது. அதிகமாக அடித்தால் முறத்தைத் தாழ்த்துவோம், குறைந்தால் உயர்த்துவோம். காற்று அதன்படி, நாம் காற்றின்படி. காற்றை நாமே உண்டாக்க ஆரம்பித்த நிமிஷத்தில் 'எவ்வளவு?' என்ற கேள்வியும் நம் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆபீசில் ஒரே சீலிங் ஃபேனின் கீழ் உட்கார்ந்திருக்கும் ஆறு பேருக்கு இது தெரியும். மூன்றில் வைத்தால் ஒருவருக்கு வியர்க்கிறது, நாலில் வைத்தால் இன்னொருவரின் வவுச்சர் பறக்கிறது.

இப்போது அந்தப் பெட்டி நடந்து வயலுக்கே வந்துவிடுகிறது. டெல்டா பக்கம் தை மாதம் போனால் பார்க்கலாம். அறுவடை மெஷின். பெல்ட் வண்டி, டயர் வண்டி என்று இரண்டு ஜாதி. முன்னால் கத்தி அறுக்கிறது, நடுவில் டிரம் அடித்து உதிர்க்கிறது, டேங்க்கில் நெல் சேர்கிறது, பின்னால் வைக்கோல் விழுகிறது. எல்லோரும் முன்பக்கத்தையே பார்க்கிறார்கள். கத்திக்கு ஒரு கவர்ச்சி உண்டு. சாமர்த்தியம் இருப்பது வயிற்றுக்குள்.

டிரம்மில் அடிபட்ட சமாசாரம், மணியும் பதரும் துண்டு வைக்கோலுமாக, ஒரு ஆடும் சல்லடை மேல் வந்து விழுகிறது. சல்லடைக்கு அடியில் ஒரு ஃபேன். காற்று கீழேயிருந்து சாய்வாக, பின்பக்கம் பார்த்து அடிக்கிறது. கணக்கு சுலபம். ஒரு கோதுமை மணியை அந்தரத்தில் நிறுத்தி வைக்க விநாடிக்குச் சுமார் 8 மீட்டர் வேகக் காற்று வேண்டும். மணிக்கு 29 கிலோமீட்டர், அதாவது சாயங்கால அண்ணா சாலையில் பைக் போகிற வேகம். நெல் அதைவிடச் சற்று லேசில் கிளம்பும். உமியும் பதரும் பறக்க இதில் பாதிகூட வேண்டாம். இந்த இரண்டு வேகத்துக்கும் நடுவில் இருக்கிற சந்து இருக்கிறதே, அதில்தான் மெஷினின் பிழைப்பு. காற்று சந்துக்குள் இருந்தால் பதர் பறக்கும், நெல் விழும்.

பிரிப்பது காற்றின் ஒரு வேலை. தள்ளுவது, சுமப்பது என்று இன்னும் இரண்டு உண்டு.

தள்ளுகிற வேலைக்கு ரேஷன் கடை வழியாக ஒரு சான்று. தமிழ்நாட்டில் 2007-ல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்த பிறகு, துவரம் பருப்புக்குப் பதிலாகக் 'கனடியன் மஞ்சள் பருப்பு' போட்டார்கள். 'என்னடா இது, சாம்பார் பாயசம் மாதிரி இருக்கு' என்று வீட்டுக்கு வீடு விமர்சனம் நடந்தது. மைசூர் பருப்புக்கு அது உறவு. கனடாவில் சஸ்காட்சுவன் மாகாணத்தில் ஏராளமாக விளைகிறது. செடி முழங்கால் உயரம்கூட வராது. காய்கள் தரையை ஒட்டித் தொங்கும். கத்தியை மண்ணோடு மண்ணாக இறக்கி அறுக்க வேண்டும் என்பதால், விதைத்த பிறகு உருளை ஓட்டிக் கல்லையெல்லாம் மண்ணுக்குள் அமுக்கிவிடுகிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகு. நெட்டைப் பயிர் என்றால் அறுபட்டதும் தன் கனத்திலேயே மெஷினுக்குள் சாயும். இது குட்டை. கத்தி மேலேயே குவிந்து நிற்கும், அடுத்து வரும் செடியையும் மறிக்கும். உள்ளே தள்ளுவதற்காக முன்னால் சுழலும் விரல் வைத்த உருளை, நன்றாகக் காய்ந்த காயைத் தொட்டாலே அது வெடித்துப் பருப்பு மண்ணில் கொட்டிவிடும். அதனால் சில விவசாயிகள் காற்று உருளை என்ற ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். கத்திக்கு மேலே வரிசையாகக் குழாய்கள். ஒரு ஃபேன் அவற்றின் வழியே கத்தியை நோக்கிக் காற்றைப் பீய்ச்சுகிறது. அறுபட்ட செடி அடிபடாமல் உள்ளே போய் விழுகிறது. கையால் பிடித்துத் தள்ளுவதற்கும், 'உள்ளே போங்க சார்' என்று முதுகுக்குப் பின்னால் நின்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம். சோயாவுக்கும் இதே வைத்தியம். சோயாவில் மெஷின் சிந்துவதில் பெரும்பகுதி கத்தி இருக்கும் முன்பக்கத்திலேயே போய்விடுகிறது.

சுமக்கிற வேலை பருத்தியில். 1936 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்காவில், மிஸிஸிப்பி மாநிலத்து ஸ்டோன்வில் என்ற ஊரில், ரஸ்ட் சகோதரர்கள் தங்கள் பஞ்சு பறிக்கும் மெஷினை ஊர் பார்க்க ஓட்டிக் காட்டினார்கள். சுழலும் மெல்லிய கம்பிகளை ஈரமாக்கினால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும் என்பது ஜான் ரஸ்ட்டின் யோசனை. பாட்டி ராட்டையின் கதிரை நனைப்பது ஞாபகம் வந்து பிடித்த யோசனை அது. இன்றைய மெஷின்களில் கம்பியிலிருந்து உருவிய பஞ்சைக் கூடைக்குத் தூக்கிப் போவது காற்றுதான். பஞ்சை ஃபேன் இறக்கைக்குள் விட்டால் விதை நொறுங்கிவிடும். அதனால் குழாய்க்குள் தனியாகக் காற்றைப் பீய்ச்சுகிறார்கள். அந்த வேகம் பஞ்சைக் கீழேயிருந்து உறிஞ்சி மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. லிஃப்டும் அதுவே, லிஃப்ட்மேனும் அதுவே.

தள்ளுவதிலும் சுமப்பதிலும் காற்று கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம். பிரிப்பதில் அந்தச் சலுகை கிடையாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மெஷின் டிரைவர். ஆத்தூர் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். இடம், மன்னார்குடி அருகே சித்தப்பாவின் வயல்.

சித்தப்பாவுக்கு முந்தின வருஷத்துக் கோபம் ஒன்று பாக்கி இருந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "பதர் ஜாஸ்தி. தூத்திக் கொண்டாங்க" என்று திருப்பிவிட்டார்களாம். அவர்களுக்கும் வரம்பு உண்டு. ஈரம் 17 சதவிகிதம், மண் கல் 1 சதவிகிதம், பதர் தூசி மாதிரி குப்பை 1 சதவிகிதம். ஆகவே இந்த முறை சித்தப்பா வண்டி வயலில் இறங்கும்போதே உத்தரவு போட்டுவிட்டார்.

"தம்பி, காத்தை நல்லா தூக்கி வைங்க. நெல்லு பளிங்கு மாதிரி வரணும்."

"வைக்கலாங்கய்யா. நெல்லும் சேர்ந்து பறக்குமுங்க."

"அதெல்லாம் பறக்காது. வைங்க."

பறந்தது. முதல் சுற்று முடிந்ததும் டேங்க்கில் நெல் பளிங்குதான். பின்னால் வைக்கோலை விலக்கினால் அங்கேயும் பளிங்குதான். சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "காத்தைக் குறைங்க தம்பி! நல்லாக் குறைங்க!"

"ஒரே அடியா வேணாங்கய்யா..."

"நான் சொல்றேன்ல?"

குறைத்தார். அடுத்த சுற்று. நானும் சித்தப்பாவும் குனிந்து வைக்கோலை விலக்கினோம். முன்னைவிட நெல் அதிகமாகக் கிடந்தது! சித்தப்பா வண்டியை ஒரு தடவை, டிரைவரை ஒரு தடவை, ஏனோ என்னை ஒரு தடவை முறைத்துப் பார்த்தார்.

டிரைவர் இறங்கி வந்தார். அவர் சொன்னதுதான் விஷயம். "காத்து ஜாஸ்தின்னா நெல்லு பறந்து போகுமுங்க. காத்து பத்தலைன்னா நெல்லு படுத்துக்கிட்டே போகுமுங்க."

எப்படி? சல்லடை மேல் விழும் துண்டு வைக்கோலும் பதரும் ஒரு பாய் மாதிரி. காற்று கீழேயிருந்து அந்தப் பாயைத் தூக்கித் தளர்த்தினால்தான் நடுவில் மாட்டிய மணி நழுவிக் கீழே விழ முடியும். காற்று போதாவிட்டால் பாய் சல்லடையோடு ஒட்டிக்கொள்ளும். மணி அதன் மேல் ஜம்மென்று படுத்தபடி பின்வாசல் வழியாக வெளியே போய்விடும். ஏசி கோச்சில் தூங்கிப்போய் ஸ்டேஷனைத் தவறவிட்ட பிரயாணி மாதிரி.

ஆக, பின்னால் நெல் கிடப்பதை மட்டும் பார்த்துக் காற்று கூடவா குறையவா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றே. அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிப்பது? டிரைவர் டேங்க்கைக் காட்டினார். பின்னால் நெல் போகிறது, டேங்க்கில் நெல் படு சுத்தம் என்றால் காற்று அதிகம். பின்னால் நெல் போகிறது, டேங்க்கிலும் குப்பை என்றால் காற்று போதவில்லை, அல்லது வண்டி சல்லடை தாங்காத வேகத்தில் ஓடுகிறது. முன்னாலும் பார், பின்னாலும் பார். நான் மூன்று வருஷம் பி.காம். படித்துத் தெரிந்துகொண்ட இரட்டைப் பதிவு முறை அவருக்கு இரண்டே கைப்பிடி நெல்லில் இருந்தது.

காற்றைக் கொஞ்சம் கூட்டினார். வண்டியைக் கொஞ்சம் நிதானமாக ஓட்டினார். பின்னால் விழுவது குறைந்தது, டேங்க்கும் சுத்தமானது. பதினோரு மணிக்குப் பனி காய்ந்து வைக்கோல் மொறமொறப்பானதும் மறுபடி இறங்கி, ஃபேன் பக்கத்து மூடியைத் திருகிவிட்டு ஏறினார். காலையில் சரியாக இருந்த காற்று மத்தியானத்துக்கு ஆகாது.

இப்போது வாடகை விஷயம். மணிக்கு இவ்வளவு என்று பேசினால், "சீக்கிரம் ஓட்டுங்க தம்பி, மணி ஓடுது" என்று விவசாயி வரப்பில் தவிக்கிறார். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசினால் டிரைவர் பறக்கிறார், அடுத்த வயல் காத்திருக்கிறதே. எப்படிப் பேசினாலும் அவசரம் யாராவது ஒருவரிடம் இருக்கிறது. அந்த அவசரத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பது எந்த ரசீதிலும் வராது.

நான் கணக்குப் போட்டேன். நெல் 1,000 மணி 20 கிராம் என்று வையுங்கள். ரகத்துக்கு ரகம் மாறும். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சதுர அடிக்கு 10 நெல் சிந்தினால் ஏக்கருக்கு ஏறக்குறைய 9 கிலோ. சதுர அடிக்கு 50 என்றால் 43 கிலோவுக்கு மேல். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. அதாவது ஏக்கருக்கு ஒரு மூட்டையை வயலிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். ஒரு மூட்டை சுமார் 948 ரூபாய். மாநில ஊக்கத்தொகை தனி. ஐந்து ஏக்கர் என்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க சோயா விவசாயிகள் இதை வாய்ப்பாடாகவே வைத்திருக்கிறார்கள்: சதுர அடிக்கு 4 மணி கிடந்தால் ஏக்கருக்கு ஒரு புஷல், சுமார் 27 கிலோ நஷ்டம். சோயா குண்டு, நெல் ஒல்லி. அதனால் நமக்கு எண்ணிக்கை கூடுதல்.

எண்ணும்போது இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பதரை எண்ணக்கூடாது. விரலால் நசுக்கிப் பார்த்து, உள்ளே அரிசி உள்ளதை மட்டும் எண்ணுங்கள். இரண்டு, வண்டி 7 அடி அகலத்துக்கு அறுத்து, பின்னால் மூன்றரை அடிப் பட்டையில் கொட்டுகிறது என்றால், பட்டைக்குள் எண்ணியதைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டிரைவரோடு அநாவசியச் சண்டை வரும். சிந்தாத மெஷின் உலகத்தில் கிடையாது. பத்து கிலோவா, ஒரு மூட்டையா என்பதுதான் கேள்வி.

எண்ணாமல் விட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். முதலில் மைனாவும் புறாவும் வரும். பிறகு ஒரு மழை பெய்தால், வண்டி போன வழியெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி பச்சைக் கோடு முளைக்கும். போகிறவர் வருகிறவரெல்லாம் "பரவாயில்லையே, அடுத்த போகத்துக்கு இப்பவே விதைச்சுட்டீங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கோடுகள்தான் வாடகை ரசீதின் இரண்டாம் பக்கம்.

வாசகர்களில் பலர் பொங்கலுக்கு ஊருக்குப் போய், வயலில் மெஷினுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறவர்கள். அடுத்த தடவை ஐந்து நிமிஷம் மெஷினுக்குப் பின்னால் போங்கள். வைக்கோலை விலக்கி ஒரு சதுர அடியை எண்ணுங்கள். டேங்க்கில் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். இரண்டையும் டிரைவரிடம் காட்டிவிட்டு, 'காத்து எப்படி இருக்கு தம்பி?' என்று மரியாதையாகக் கேளுங்கள். அப்பாவோ சித்தப்பாவோ வரப்பிலிருந்து 'சீக்கிரம் சீக்கிரம்' என்று கத்தினால், அவரைக் காபி சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். நிதானமாக ஓட்டுவதற்குக் கூடுதலாகும் வாடகையையும், மிச்சமாகும் நெல்லையும் ஒரே காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். பி.காம். படிக்காதவருக்கும் புரியும்.

வள்ளுவர் 196-ஆம் குறளில் பயனில்லாத பேச்சைப் பெரிதாக நினைக்கிறவனைப் பதர் என்கிறார். எங்கள் ஆசிரியர் ஃபேன் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.